பழி சுமக்கும் சிலந்தி

‘பறவையுண்ணி’ என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் மனத்தில் எத்தகைய உயிரினம் தோன்றுகிறது? பறவைகளை வேட்டையாடித் தின்னும் கொடிய விலங்கு என்றுதானே எண்ணுவீர்கள்? உலகின் மிகப் பெரிய டரான்டுலா சிலந்திக்குத்தான் ‘கோலியாத் பறவையுண்ணி’ என்னும் இப்பெயர் வழங்குகிறது.

1699ஆம் ஆண்டு மரியா சிபில்லா மேரியன் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, பூச்சிகளை ஆராய்வதற்காகத் தென் அமெரிக்காவிலுள்ள சுரினாமுக்குக் கப்பலேறினார். 1705இல் அவர் வெளியிட்ட நூலில், மரக்கிளையில் அமர்ந்த சிலந்தி ஒன்று சிறிய ரீங்காரச் சிட்டைத் தின்னும் ஓவியம் இடம்பெற்றது. அவர் வரைந்தது மரத்தில் வாழும் வேறொரு சிலந்தியை. ஆயினும், ‘பறவையுண்ணி’ என்ற பெயர் தரையில் வாழும் இச்சிலந்திக்கும் நிலைத்துவிட்டது.

உண்மையில், பறவை இதன் வாயில் சிக்குவது மிக அரிது. மண்புழுவும் பூச்சிகளுமே இதன் முதன்மை உணவு. சில வேளைகளில் தவளை, பல்லி போன்றவற்றையும் பிடிக்கும்.

வெனிசுவேலா, கயானா, சுரினாம், பிரேசில் ஆகிய நாடுகளின் மழைக்காடுகளில் இது வாழ்கிறது. கால்களை விரித்தால் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். எடை 170 கிராம் வரை எட்டும். பகல் முழுவதும் ஈரத்தரையிலுள்ள வளைக்குள் பதுங்கியிருக்கும். இரவில் வளையின் வாயிலில் அசையாமல் காத்திருக்கும். எட்டுக் கண்கள் இருந்தும் இதன் பார்வை மங்கலானது. எனவே, நிலத்தில் ஏற்படும் அதிர்வைக் கால்களிலுள்ள உரோமங்களால் உணர்ந்தே இரையின் மீது பாய்கிறது.

ஆபத்து நெருங்கும்போது, இது உடனே கடித்துவிடுவதில்லை. முதலில் கால்களிலுள்ள உரோமங்களை ஒன்றோடொன்று உரசிச் சீறும் ஒலியை எழுப்பும். எதிரி விலகாவிட்டால், பின்னங்கால்களால் வயிற்றைத் தேய்த்து நுண்ணிய சுணைகளைக் காற்றில் பறக்கவிடும். அவை பட்டால் தோல் கடுமையாக அரிக்கும். கண்ணில் விழுந்தால் பெரும் துன்பம் தரும். கடிப்பது இதன் இறுதி ஆயுதமே. அக்கடியும் குளவி கொட்டியதுபோல் வலிக்குமே தவிர, பொதுவாக மனித உயிரைப் பறிப்பதில்லை.

மாறாக, மனிதரால் இதற்கு ஏற்படும் தீங்கே மிகுதி. காட்டை அழிக்கும்போது இதன் வளைகளும் அழிகின்றன. வளர்ப்பதற்காகவும் விற்பதற்காகவும் பலர் இதைப் பிடித்துச் செல்கின்றனர். 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பெண் சிலந்தி ஒன்றைப் பிடித்துச் சென்றால், பல ஆண்டுகளில் பிறக்கவேண்டிய நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் காடு இழந்துவிடுகிறது.

பூச்சிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தி, காட்டின் சமநிலைக்குத் துணைபுரியும் உயிரினம் இது. ஒரு பெயரையோ தோற்றத்தையோ மட்டும் கொண்டு, ஓர் உயிரைக் கொடியது என்று தீர்மானிக்கலாமா? அறியாமை அச்சத்தை வளர்க்கிறது. அறிவோ அந்த அச்சத்தை அகற்றி, பிற உயிர்களைக் காக்கும் எண்ணத்தைத் தருகிறது.