ஆட்டோபைலட் படகு ஓட்டுமா? வாங்குமுன் அறிய வேண்டியவை

பஜ்ருக்கு முன்பே கரையை விட்டுப் புறப்பட்டு, மணிக்கணக்கில் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தபடி போகிறவர்களுக்குத் தோள்வலி புதிதல்ல. கையை விட்டாலும் படகு நேராகப் போனால் நல்லதுதானே என்று தோன்றும். அதற்கான கருவிதான் ஆட்டோபைலட். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்ப்போம்.

வேலை செய்யும் விதம்

இதில் முக்கிய பாகங்கள் மூன்று. மின் திசைகாட்டி, படகின் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும். சிறு கணினி, நாம் குறித்த திசையோடு அதை ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் மோட்டாரோ ஹைட்ராலிக் பம்போ எஞ்சினைத் திருப்பிச் சரிசெய்யும்.

பெரும்பாலான கருவிகள் ஸ்டீயரிங் சக்கரம் உள்ள படகுகளுக்கானவை. கைப்பிடி எஞ்சினுக்குப் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். இதற்கு 12 வோல்ட் பேட்டரியும் வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறு எஞ்சின்கள் பலவற்றில் பேட்டரி சார்ஜ் ஆகாது. திசைகாட்டிக்கு அருகே இரும்போ ஸ்பீக்கரோ இருந்தால் அது தவறான திசை காட்டும்.

திசை வேறு, பாதை வேறு

படகின் முகம் வடக்கே இருக்கிறது. நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் கிழக்கே தள்ளுகிறது. இரண்டு மணி நேரத்தில் படகு 4 கி.மீ. கிழக்கே விலகியிருக்கும். ஆனால் முகம் அப்போதும் வடக்கேதான்! பாக் விரிகுடாவில் 1974 ஒப்பந்தப்படி வகுத்த கடல் எல்லைக்கு அருகில் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஜி.பி.எஸ். இணைத்த கருவி இந்த விலகலைத் திருத்தும். இல்லாவிட்டால் நாமே அடிக்கடி இருப்பிடம் பார்க்க வேண்டும்.

கருவிக்குக் கண் இல்லை

வலை மிதவை, மரக்கட்டை, எதிரே வரும் படகு எதுவும் அதற்குத் தெரியாது. எல்லாக் கலங்களும் எப்போதும் கண்ணாலும் காதாலும் காவல் இருக்க வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5-வது விதி. கருவி இருந்தாலும் அந்தப் பொறுப்பு நம்முடையதே.

இதைவிடப் பெரிய ஆபத்து, தனியாகப் போனவர் தவறி விழுவது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் படகு ஒரே நிமிடத்தில் 300 மீட்டருக்கு மேல் போய்விடும். ஆள் விழுந்தது தெரியாமல், கருவி படகை நேராகக் கொண்டுபோகும். நீந்திப் பிடிக்க முடியாது.

நினைவில் கொள்ளுங்கள்

1. எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள். விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும்.
2. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.
3. கரை, வலை, மற்றப் படகுகள் அருகிலும், பின்னலை தள்ளும்போதும் கையாலேயே ஓட்டுங்கள்.
4. கருவி ஓடும்போது தூங்காதீர்கள்.

கருவி வாங்கப் பணம் வேண்டும். எஞ்சினோடு வந்த கயிற்றை மாட்ட ஒரு நொடி போதும். வாப்பாவோ மகனோ கடலுக்குக் கிளம்பும்போது, “கயிறு மாட்டுவீங்களா?” என்று வீட்டிலுள்ளவர்கள் ஒரு வார்த்தை கேளுங்கள்.