சார்ந்ததன் வண்ணம்



பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் ஓர் உவமை உண்டு. வேடர் நடுவே வளர்ந்த அரசகுமாரன், அவர்களின் பழக்கமே தன் இயல்பு என எண்ணித் தன்னை மறந்து வாழ்கின்றான். வேடர் என்பது இங்கே ஐம்புலன்களைக் குறிக்கும். இறைவன் குருவாக வந்து உணர்த்தும்போதே உயிர் தன்னை அறிகின்றது. செம்மலரின் அருகே வைத்த பளிங்கு சிவப்பாகத் தோன்றுவது போல, உயிரும் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சித்தாந்தம்.

இது அன்றாட வாழ்வுக்கும் பொருந்தும். நாம் திருநீறு பூசுவதும் தேவாரம் ஓதுவதும் நல்வளர்ப்பின் பயனாகும். ஆயின் நன்மை வந்த அதே வழியால் பிழையும் வந்து சேரும்.

1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றபோது நான் சிறுவன். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தது. எனினும் எங்கள் ஊரில் என்னுடன் படித்த ஒருவன் திருவிழாவன்று கோயில் வெளிமதிலோடு நின்றே கும்பிட்டான். ஏன் என்று ஆச்சியிடம் கேட்டேன். “அது அப்படித்தான் மோனை” என்றார். ஆச்சி பொல்லாதவர் அல்லர். அவருக்கும் அப்படியே சொல்லப்பட்டது. நானும் நம்பினேன். பின்னர் இளைஞனானபோது, அதே சொல்லை நானும் வேறொரு பிள்ளைக்குச் சொன்னேன். அதனை எண்ணி இன்றும் வெட்கப்படுகின்றேன்.

எழுதுவினைஞராகக் கடமையாற்றிய காலத்தில் ஒன்றைக் கற்றேன். “இது வழமை” என்று எவரேனும் சொன்னால், அதற்குரிய சுற்றுநிருபத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். சில வேளைகளில் அப்படியொரு சுற்றுநிருபமே இராது; ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்து வந்ததாகவே இருக்கும்.

எமது சமயமும் இவ்வாறு ஆராயவே சொல்கின்றது. காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைச் சித்தாந்தம் வகுத்துள்ளது. அவற்றால் ஆச்சியின் விடையை அளந்து பார்ப்போம். காட்சியில், வெளியே நின்றவனின் பக்தி எங்களதிலும் குறைவாக இருக்கவில்லை. கருதலில், எங்கும் நிறைந்த இறைவனுக்கு மதிலின் உள், வெளி என்ற பேதம் இருக்க முடியாது. உரையிலோ, நந்தனாரும் கண்ணப்பரும் அறுபத்துமூவருள் வைத்து வணங்கப்படுகின்றனர். திருநீலகண்ட யாழ்ப்பாணரை அந்தணராகிய திருநீலநக்கர் தம் இல்லத்து வேள்வித் தீயின் அருகே தங்கவைத்தார் என்றும், அத்தீ மேலும் ஓங்கி எரிந்தது என்றும் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகின்றார். மூன்று அளவையிலும் அவ்வழக்கம் நில்லாது.

ஆகவே, பெரியோர் தந்த யாவற்றையும் தள்ளிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அளந்து பார்த்து நின்றதை இறுகப் பற்றுவோம், நில்லாததைக் கைவிடுவோம். அறநெறி வகுப்பில் ஒரு பிள்ளை “ஏன்?” என்று கேட்டால், அதட்டி இருத்தாது, இருந்து விளங்கப்படுத்துவோம். எமக்கு விடை தெரியாவிடின் பிள்ளையோடு சேர்ந்து தேடுவோம்.

அத்தகைய தெளிவை அடியார் அனைவருக்கும் எம்பெருமான் அருள்வாராக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக.