ஆட்டுக் கிருமியும் மாட்டுக் கிருமியும்

அண்ணனும் தம்பியும் வேற வேற ஊரில், வேற வேற இனிஷியலோடு வளர்ந்தால் அவங்க உறவு யாருக்காவது தெரியுமா? கிருமிகள் விஷயத்தில் இப்படி ஒரு குழப்பம் 20 வருஷம் நடந்தது.

1887, மால்டா தீவு. பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் இறந்தவர்களின் மண்ணீரலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். உருண்டையாகத் தெரிந்ததால் அதற்கு 'மைக்ரோகாக்கஸ் மெலிடென்சிஸ்' என்று பெயர். 1905-ல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் என்பவர் அதே கிருமி மால்டா ஆடுகளில் இருப்பதைக் கண்டார். ஆட்டுப்பால் வழியாகத்தான் காய்ச்சல் வந்திருக்கு!

1897, டென்மார்க். அங்கே பசுக்கள் மாதம் நிறையும் முன்பே கன்று வீசின. காரணமான கிருமியை பெர்ன்ஹார்ட் பாங் பிரித்தெடுத்தார். இது குச்சி மாதிரி தெரிந்ததால் 'பேசில்லஸ் அபார்ட்டஸ்' ஆனது.

ஒன்று உருண்டை, ஒன்று குச்சி. ஒன்று மனுஷ நோய், ஒன்று மாட்டு நோய். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோணலை.

பார்த்தவர் ஆலிஸ் இவான்ஸ். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பால் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். இரண்டு கிருமிகளையும் ஒரே ஊடகத்தில் வளர்த்தார். வடிவம், வேதிச் சோதனை எல்லாம் ஒத்துப் போச்சு. உண்மையில் இரண்டுமே மிகக் குட்டையான குச்சிகள். அதனால்தான் உருண்டை போலவும் தெரிந்தன. ஒன்றுக்கு எதிரான சீரம் மற்றதையும் கட்டியாகத் திரள வைத்தது. அப்படியானால் காய்ச்சாத பசும்பாலும் ஆபத்துதான்!

1917-ல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. அவர் பெண், டாக்டர் பட்டமும் கிடையாது. ஆனால் 1920-ல் மேயர், ஷா என்ற இருவர் சோதித்துப் பார்த்து அவர் சொன்னது சரி என்றார்கள். புரூஸின் நினைவாகப் புதுப் பேரினமும் வைத்தார்கள்.

பேரினம்: புரூசெல்லா
சிற்றினங்கள்:
1. மெலிடென்சிஸ் – வெள்ளாடு, செம்மறி
2. அபார்ட்டஸ் – மாடு
3. சூயிஸ் – பன்றி

1922-ல் ஆய்வுக்கூடத்தில் இதே கிருமி இவான்ஸையும் தொற்றியது. பல வருஷம் அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் 1928-ல் அமெரிக்க பாக்டீரியாவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார்.

இன்னொரு வேடிக்கை. பிறகு டிஎன்ஏவை ஒப்பிட்டபோது இவை 90 சதவீதத்துக்கும் மேல் ஒத்திருந்தன. அதனால் 1985-ல் சிலர் "எல்லாமே ஒரே சிற்றினம்" என்றார்கள். ஆனால் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமே! அதனால் பழைய பெயர்களே மறுபடியும் ஏற்கப்பட்டன.

நினைவில் வை: கறந்த பாலை அப்படியே குடிக்காதே. பொங்கக் காய்ச்சினால் இந்தக் கிருமி செத்துவிடும். வீட்டில் மாடோ ஆடோ கன்று, குட்டி வீசினால் வெறுங்கையால் தொடாதே. கால்நடை டாக்டரிடம் சொல்.

யோசி: பெயரைப் பார்த்தே இரண்டும் வேறு என்று நினைத்தது போல நாமும் எதையாவது நினைக்கிறோமா?