மண் தின்னும் ஆசை: ஒரு நோயின் அடையாளம்

மசக்கைக் காலத்தில் புளியங்காய்க்கும் மாங்காய்க்கும் ஆசைப்படும் பெண்ணைக் கண்டு வீட்டார் மகிழ்வார்கள். கேட்டதை வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் அடுப்படி மண்ணையும், சாம்பலையும், செங்கல் துண்டையும் ஒளித்து வைத்துத் தின்னும் பெண்ணைக் குறித்து யாரும் வெளியில் பேசுவதில்லை. படி அரிசி களையும்போதே ஒரு பிடி பச்சை அரிசியை வாயில் போட்டு மெல்லும் தாயும், லயத்துச் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டி நக்கும் பிள்ளையும் நம் ஊவாத் தோட்டங்களுக்குப் புதியவர்கள் அல்லர். தாயைக் கண்டால் சிரிக்கிறோம். பிள்ளையைக் கண்டால் அடிக்கிறோம். இரண்டும் தவறு. இது கெட்ட பழக்கம் மட்டுமன்று. பெரும்பாலும் உடலில் உள்ள ஒரு குறையின் அடையாளம்.

பெயரும் பொருளும்

உணவல்லாத பொருளைத் திரும்பத் திரும்பத் தின்னும் இந்நிலையை வைத்தியர்கள் ‘பீக்கா’ என்கிறார்கள். இலத்தீன் மொழியில் இது காக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் பெயர். கண்டதையெல்லாம் கொத்தும் பறவை என்று கருதப்பட்டதால் அதன் பெயர் இந்நோய்க்கு வந்தது. மண், சாம்பல், வெண்கட்டி, சுண்ணாம்பு, கடதாசி, தலைமயிர், எரிந்த தீக்குச்சி என்று ஆளுக்கு ஆள் பொருள் வேறுபடும். பச்சை அரிசியும் ஐஸ் கட்டியும் உணவுப் பொருள்களே ஆனாலும், அவற்றை அடக்க முடியாத ஆசையோடு நாள்தோறும் மெல்லுவதையும் வைத்தியர்கள் இதனோடு சேர்த்தே ஆராய்கிறார்கள்.

ஒரு நாள் ஆசைக்கு நோய் என்று பெயரிட வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைப்பது இயல்பு. அதைத் தடுத்துக் காத்தால் போதும். இரண்டு வயதைக் கடந்த பின்னும் மண்ணைத் தேடித் தின்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தமிழருக்குப் புதிதன்று

புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர்கிழார் சேர மன்னன் ஒருவனைப் புகழ்கிறார். அவனுடைய நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது. வயிற்றில் பிள்ளையோடு மசக்கை கொண்ட பெண்களே ஆசைப்பட்டு உண்பார்கள் என்பது அவர் கருத்து. கர்ப்பிணிகள் மண் தின்னும் வழக்கம் அக்காலத்திலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு இது சான்று. ஆயினும் பழைய வழக்கம் என்பதால் தீங்கில்லாத வழக்கம் ஆகிவிடாது.

காரணம் என்ன?

முழுக் காரணம் இதுவே என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. மன வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடமும், கவனிப்பாரின்றித் தனிமையில் வாடும் பிள்ளைகளிடமும் இது காணப்படுகிறது. ஆனால் நம் பகுதித் தாய்மாரைப் பொறுத்தவரை முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவும் அதனால் வரும் இரத்தச்சோகையுமே. ஐஸ் கட்டி மெல்லும் ஆசையுள்ளவர்களுக்கு இரும்புச்சத்து மருந்து கொடுத்தால், இரத்தம் தேறுவதற்கு முன்பே அந்த ஆசை மறைந்துவிடுவதைப் பலமுறை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

இரும்பு ஏன் குறைகிறது? கொக்கிப்புழு ஒரு காரணம். அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, குடலில் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். நம் நாட்டில் அதிகமாகக் காணப்படும் வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலீற்றர் இரத்தம் போகும். நூறு புழு இருந்தால் 3 மில்லிலீற்றர்; அதில் போகும் இரும்பு ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். நாம் நாள் முழுவதும் உண்ணும் உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் இரும்போ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். வரவு முழுவதும் செலவாகிவிட்டால், வயிற்றுப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன?

இந்த இடத்தில் வரலாறு ஒன்றையும் நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் களிமண் தின்னும் ஏழைகளைச் சோம்பேறிகள் என்று பிறர் இகழ்ந்தனர். 1902இல் ஸ்டைல்ஸ் என்னும் விஞ்ஞானி அங்கு பரவியிருந்த கொக்கிப்புழுவை இனங்கண்டு, அவர்களைப் பீடித்தது சோம்பல் அன்று, நோய் என்று எடுத்துக்காட்டினார். ராக்பெல்லர் நிறுவனத்தார் 1909இல் அங்கே ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். பின்னர் 1916இல் இலங்கைக்கும் வந்து, மாத்தளைத் தோட்டங்களில் நம் முன்னோருக்கு மருந்து கொடுத்தனர். மருந்து வேலை செய்தது. ஆனால் மலசலகூடங்கள் போதிய அளவு கட்டப்படாத தோட்டங்களில் புழு மறுபடியும் தொற்றியது. மருந்து மட்டும் போதாது என்பதே அந்த முயற்சி தந்த பாடம்.

விளையும் தீங்குகள்

1. மண்ணோடு வட்டப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் வயிற்றுக்குள் போகும். வட்டப்புழுக்கள் திரண்டு சிறுபிள்ளைகளின் குடலை அடைத்துவிடுவதும் உண்டு. நாயும் பூனையும் அசுத்தம் செய்த மண்ணிலுள்ள ஒருவகைப் புழு கண்ணையும் ஈரலையும் தாக்கக்கூடும்.

2. சிலவகைக் களிமண் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. இரத்தச்சோகையால் மண் ஆசை; மண்ணால் மேலும் இரத்தச்சோகை. செக்கு மாடு போல ஒரே வட்டத்தில் சுற்ற வேண்டியதுதான்.

3. மண்ணும் வெண்கட்டியும் மலச்சிக்கலை உண்டாக்கும். சில வேளை குடலை அடைக்கும். விழுங்கிய மயிர் வயிற்றில் உருண்டையாகத் திரண்டால் சத்திரசிகிச்சை செய்ய நேரிடலாம்.

4. பச்சை அரிசி பல்லைத் தேய்க்கும், பசியைக் கெடுக்கும். வயிறு நிரம்பும், சத்து சேராது.

5. பழைய பெயின்ட் செதில்களில் ஈயம் இருக்கலாம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையின் உடல் அதை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். தாயின் உடலிலுள்ள ஈயம் கருவிலுள்ள பிள்ளையையும் சென்றடையும். தேயிலை மலை மண்ணிலோ உரமும் களைநாசினியும் கலந்திருக்கும்.

6. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. அது கடுமையானால் குறைமாதப் பிரசவமும், நிறை குறைந்த குழந்தையும், பிரசவ வேளையில் தாயின் உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, மறைக்கக் கூடாது. இதைச் சொன்னால் மானம் போகும் என்று எண்ணிக் கிளினிக்கில் வாய் திறக்காத தாய்மார் உண்டு. இது பாவமன்று, வெட்கப்பட வேண்டியதுமன்று. மருத்துவிச்சி அம்மாவிடம் ஒரே வார்த்தை, “எனக்கு மண் தின்ன ஆசை வருகிறது” என்று சொன்னால் போதும். இரத்தப் பரிசோதனைக்கு அவர் வழி செய்வார்.

இரண்டாவது, கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தவறாமல் விழுங்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம், அது இயல்பு. கல்சியக் குளிசையை வேறொரு நேரத்தில் எடுக்க வேண்டும். குளிசைகளைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விளையாட்டாக அள்ளி விழுங்கிய குழந்தை இறந்துபோகவும் கூடும். பரிசோதனையின்றி மாதக்கணக்காகத் தாமே வாங்கி விழுங்குவதும் கூடாது. தலசீமியா போன்ற பரம்பரை நோயாலும் இரத்தம் குறையும். அதற்கு மருந்து வேறு.

மூன்றாவது, நாம் கொழுந்து பறித்து உலகுக்குக் கொடுக்கும் தேயிலையைப் பற்றியது. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீர் உணவிலுள்ள இரும்பில் பெரும்பகுதியை உடலில் சேரவிடாது. ரொட்டியும் சாயத் தண்ணீரும் என்பது நம் வீட்டுக் காலை வழக்கம். தேத்தண்ணீரை விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது முன்போ பின்போ குடியுங்கள். உணவோடு கொய்யா, நெல்லி, எலுமிச்சை சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கீரை, பயறு, நெத்தலி, முட்டை, கிடைக்கும்போது ஈரல், இவற்றில் தாய்க்கும் பங்கு இருக்க வேண்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தின்னும் வழக்கம் மாறட்டும்.

நான்காவது, பூச்சி மருந்து. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதை எடுக்கக் கூடாது. அதன்பின் கிளினிக்கில் தருவார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலையிலும் கிளினிக்கிலும் தரும்போது தவறவிடாதீர்கள். செருப்பு, மலசலகூடம், சவர்க்காரம் போட்டுக் கைகழுவுதல் ஆகிய மூன்றும் இல்லையேல், 1916இல் நடந்ததே இன்றும் நடக்கும். பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம் உள்ள லயங்களில், அதைக் கேட்டுப் பெறுவது தலைவர்மாரின் கடமை.

ஐந்தாவது, பிள்ளையை அடிக்க வேண்டாம். அடித்தால் ஒளிந்து தின்னும். சுரண்டிய சுவரை மூடுங்கள். பசிக்கும் வேளையில் தின்ன ஏதேனும் கையில் கொடுங்கள். அதனோடு சிறிது நேரம் இருங்கள். வயிற்றுவலி, வாந்தி, மலம் போகாமை கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

குடும்பத்தில் பேசிக்கொள்ள

நம் வீட்டில் யாராவது இப்படி ஒளித்துத் தின்கிறார்களா? கேட்டால் அச்சமின்றிச் சொல்லும் நிலை இருக்கிறதா? வீட்டுத் தாய் கடைசியாக எப்போது இரத்தம் பரிசோதித்தாள்? இந்த மூன்று கேள்விகளையும் இன்றிரவு சாப்பாட்டு வேளையில் கேட்டுப் பாருங்கள்.