செங்காந்தள் கிழங்கும் செல்லின் நுண்குழலும்

குந்தாரப்பள்ளி

அன்புள்ள மருமகளுக்கு,

வேலியோரத்துச் செங்காந்தளின் கிழங்கைக் கையில் எடுத்ததும் அம்மா ஏன் அதட்டினாள் என்று கேட்டு எழுதியிருந்தாய். நம் மாநில மலர்தான். ஆனால் அதன் கிழங்கில் கால்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் அளந்து கொடுத்தால் அதுவே ஒருவகை மூட்டுவலிக்கு மருந்து. இந்த நஞ்சு போய்ப் பற்றுவது செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தை.

டியூபுலின் துணுக்குகள் சரம்சரமாகக் கோத்துக்கொள்ள, பெரும்பாலும் 13 சரங்கள் சேர்ந்தால் ஒரு நுண்குழல். குறுக்களவு 25 நானோமீட்டர்தான். நீளும் தாவரச் செல்லில் இவை சவ்வின் உட்புறத்தை ஒட்டிக் குறுக்காகச் சுற்றி நிற்கும். அவற்றின் வழியே செல்லுலோஸ் இழைகள் வெளிச்சுவரில் படிகின்றன. பீப்பாய்க்கு இட்ட இரும்புப் பட்டைபோல அவை செல்லை அகலவிடாமல் பிடிக்க, அது நெடுக வளர்கிறது.

1962இல் பால் கிரீன் என்ற அறிஞர் நைட்டெல்லா என்னும் பாசிக்குக் கால்ச்சிசின் கொடுத்துப் பார்த்தார். நீளவேண்டிய செல் உருண்டையாக உப்பியது. செல்லுக்குத் திசை காட்டும் புரத இழைகள் இருந்தாக வேண்டும் என்று அவர் ஊகித்தார். மறு ஆண்டே லெட்பெட்டர், போர்ட்டர் என்ற ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தாவர நுண்குழல்களைக் கண்டார்கள்.

குழல் மட்டும் இருந்தால் போதாது, கண்ணு. அதோடு சேர்ந்து உழைக்கும் புரதங்கள் வேண்டும். மேப் 65 என்பது பக்கத்துப் பக்கத்துக் குழல்களைக் குறுக்கே பிணைத்துக் கற்றையாக்கும். கட்டானின், குழல்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் வெட்டிவிடும். அப்படி வெட்டுவதால்தான் தாறுமாறான குழல்கள் ஒரே திசைக்கு வருகின்றன. நீல ஒளி பட்டதும் செல் தன் குழல்களைத் திருப்பிக்கொள்வதும் இதனால்தான். அராபிடாப்சிஸ் செடியில் கட்டானின் பழுதானால் செல்கள் குட்டையாகித் தண்டின் நார் வலுவிழக்கிறது. வெட்டுவதும் கட்டுமான வேலையே என்பதை இங்கே கற்றுக்கொள்.

உன் புத்தகத்தில் நுண்குழலை வெறும் கோடாகப் போட்டிருப்பார்கள். நீ வரையும்போது பிணைக்கும் மேப் 65ஐயும் வெட்டும் கட்டானினையும் சேர்த்தே வரை. கிழங்கைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

அன்புடன்,
மாமா