தவக்காலமும் பிடியரிசியும்: பாடசாலைச் சமூகத்தில் விசுவாசமும் பிறரன்பும்

தவக்காலம் தொடங்கியதும் நமது கத்தோலிக்க பாடசாலைகளில் வகுப்புக்கு ஓர் உண்டியல் வந்துவிடும். வெறும் பால்மாப் பேணியைக் கடதாசியால் சுற்றி, மூடியில் துளையிட்டு, ஒரு சிலுவையும் கீறி ஆசிரியர் மேசையில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து தமது ஒறுத்தல் காசை அதில் போடுவார்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் இப்பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கப் பாடசாலைகளாகிவிட்டன. ‘றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை’ என்ற பெயரோடு இந்தப் பேணியும் பல இடங்களில் நிலைத்து நிற்கிறது. நல்ல வழக்கம். ஆனால் வயலையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை அந்தப் பேணியின் முன்னால் என்ன செய்யும்? இதைப் பற்றியே இப்பாடத்தில் சிந்திப்போம்.

1. ஒரு தாயின் கேள்வி

விபூதிப் புதன் அன்று ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “சுவாமி, வருசம் முழுக்க எங்களுக்கு ஒருசந்திதான். இதுக்குள்ள தவக்காலமெண்டு இன்னும் என்னத்தை ஒறுக்கச் சொல்லுறியள்?”

அவர் கேட்டது நியாயமே. தவக்காலம் பெரும்பாலும் காலபோக அறுவடையோடு ஒட்டி வருகிறது. தன் வயலில் கதிர் அறுக்க வேண்டிய கமக்காரன் இன்னொருவரின் வயலில் நாட்கூலிக்கு நிற்கும் காலம் அது. அவருக்கு நாம் சொல்ல வேண்டிய முதல் உண்மை இது: பசி வேறு, ஒருசந்தி வேறு. ஒருசந்தி நாமாக விரும்பி ஏற்பது. பசி நம்மேல் சுமத்தப்படுவது. பிறர் சுமத்திய பசியை இறைவன் விரும்பும் நோன்பு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எசாயா இறைவாக்கினர் நூலின் 58ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், தங்க இடமில்லாதவரை வீட்டில் ஏற்பதுமே ஆண்டவர் விரும்பும் நோன்பு என்று அங்கு சொல்லப்படுகிறது.

திருச்சபைச் சட்டமும் இதில் தெளிவானது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கும், ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது முடியும் வரை உள்ளவர்களுக்குமே கடமை. ஆகவே ஆறாம் ஆண்டுப் பிள்ளையை மதிய உணவைத் தவிர்க்கும்படி கேட்பது சட்டமும் அல்ல, அன்பும் அல்ல. நோயாளரும் கர்ப்பவதிகளும் பாலூட்டும் தாய்மாரும் தம்மை வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

2. மிச்சம் பிடித்தது யாருக்கு?

ஒருசந்தியும் தருமமும் தொடக்கம் முதலே ஒன்றாக நடந்தவை. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த ‘எர்மாசின் மேய்ப்பர்’ என்னும் நூலில் ஓர் அறிவுரை உண்டு. நோன்பு நாளில் உண்ணாமல் விட்ட உணவின் பெறுமதியைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடுக்கும்படி அது கேட்கிறது. கொடாத நோன்பு வெறும் சிக்கனமாகவே முடியும்.

நமது காலத்திலும் இவ்வழக்கம் புதிதாகத் துளிர்த்தது. ஜேர்மனிய ஆயர்கள் 1958இல் ‘மிசெறெயோர்’ அமைப்பைத் தொடங்கினர். அயர்லாந்து ஆயர்கள் 1973இல் ‘ட்ரோக்கரா’வைத் தொடங்கினர், இரக்கம் என்பதே அந்த ஐரிஷ் சொல்லின் பொருள். அந்நாட்டுப் பிள்ளைகள் தவக்காலத்தில் அதன் சிறு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்புகிறார்கள். ஐக்கிய அமெரிக்காவின் அலன்ரவுண் மறைமாவட்டத்தில் 1975இல், ஆபிரிக்க சாகெல் பகுதியின் வரட்சியைக் கண்டு ‘சோற்றுக் கிண்ணம்’ என்ற முயற்சி தொடங்கியது. எளிய உணவு உண்டு, மிச்சம் பிடித்த காசை மேசையிலுள்ள கடதாசிக் கிண்ணத்தில் இடுவதே அதன் முறை.

இதை ஏன் சொல்கிறேன்? நமது கைக்கு வந்த நிவாரணப் பொதிகளின் பின்னால் இப்படிப்பட்ட சேகரிப்புக்களும் இருந்தன. எங்கோ ஒரு பிள்ளை இனிப்பு வாங்காமல் போட்ட காசும் அதில் இருந்திருக்கலாம். அப்பிள்ளை பிச்சை போடவில்லை. தன் சகோதரரோடு பகிர்ந்தது. நாமும் அதைப் பிச்சையாக வாங்கவில்லை.

3. கொடுக்கும் உரிமை

நிவாரணம் தேவையானது. ஆனால் நெடுங்காலம் வாங்கியே வாழ்ந்தால் ஒரு கெடுதி நேரும். ‘நான் பெறுபவன் மட்டுமே’ என்ற எண்ணம் மனதில் வேரூன்றிவிடும். வயலை இழந்த கமக்காரன் தன்னையும் இழக்கத் தொடங்குவது அங்கேதான்.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் 8ஆம் அதிகாரத்தில் மக்கெதோனியச் சபைகளைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் கடும் வறுமையிலும் துன்பத்திலும் இருந்தவர்கள். ஆயினும் எருசலேமின் ஏழைகளுக்கான சேகரிப்பில் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி அவர்களே வருந்திக் கேட்டார்கள். கொடுப்பதை அவர்கள் சுமையாக அன்றி, தமக்குரிய பேறாகவே கண்டார்கள். எருசலேம் ஆலயத்தின் ஏழைக் கைம்பெண்ணும் அப்படியே.

நமது தாய்மாருக்கு இது புதிதல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைப்பது நமது பழைய வழக்கம். ஒரு பிடி 40 கிராம் என்று கொள்வோம். ஞாயிறு தவிர்ந்த தவக்காலத்தின் 40 நாட்களில் அது 1,600 கிராம் ஆகும். 50 குடும்பங்கள் சேர்ந்தால் 80 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் வீதம், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் அதைக் கொண்டு 40 நாட்கள் சமைக்கலாம். இல்லாதவர்கள் சேர்ந்தே இவ்வளவு செய்ய முடியும்.

4. ஒரு பாடசாலையில் நடந்தது

2011ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் வன்னியில் ஒரு பாடசாலையில் பணியாற்றினேன். சொந்த ஊருக்கு இன்னும் திரும்ப முடியாத குடும்பங்களின் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு அங்கு படித்தார்கள். வெள்ளிதோறும் ஒன்றுகூடலில் எந்த வகுப்பு எவ்வளவு சேர்த்தது, யார் அதிகம் போட்டார் என்று வாசிக்கப்பட்டது. முதலிடம் பெறும் வகுப்புக்குப் பரிசும் உண்டு. அந்த ஏற்பாட்டுக்கு நானும் தலையாட்டியவன்.

மூன்று வெள்ளி தொடர்ந்து ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வரவில்லை. வகுப்பாசிரியையும் நானும் அந்தக் கொட்டிலுக்குப் போனோம். “காசில்லாமல் எப்பிடிப் போறதெண்டு அழுகிறாள், சுவாமி” என்றார் தாய். என்னிடம் மறுமொழி இல்லை. திண்ணையில் இருந்த பாட்டனார்தான் பேசினார்: “காசு இல்லைத்தான் சுவாமி. கை இருக்குது. பள்ளிக்கூடத்து வளவு சும்மா கிடக்குதே.”

அடுத்த வாரம் பெயர் வாசிப்பதை நிறுத்தினோம். பாட்டனார் மண்வெட்டியோடு வந்தார். இன்னும் சிலரும் வந்தனர். கிணற்றடியில் பாத்தி கட்டி முளைக்கீரை விதைத்தார்கள். அச்சிறுமியும் தோழிகளும் தண்ணீர் ஊற்றினார்கள். ஏறத்தாழ நான்கு வாரத்தில் கீரை பிடுங்கத்தக்கதாயிற்று. பெரிய வெள்ளிக்கு முன் அதைக் கட்டுக்கட்டாக, தனித்து வாழ்ந்த முதியவர்களின் வீடுகளுக்குப் பிள்ளைகள் கொண்டுபோனார்கள். அவர்களில் இந்துக்களும் இருந்தனர். வேலியோரம் நட்ட முருங்கைத் தடிகளிற் சிலவும் தளிர்த்தன. உண்டியலில் விழுந்த தொகை முந்திய ஆண்டைவிடக் குறைவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை எந்தப் பிள்ளையும் வீட்டில் ஒளிந்திருக்கவில்லை.

5. நாம் செய்யக்கூடியவை

- உண்டியல் மூடியதாக இருக்கட்டும். யார் போட்டார், எவ்வளவு போட்டார் என்று பார்க்கவோ வாசிக்கவோ வேண்டாம். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு தந்த கட்டளை அதுவே.
- காசு மட்டுமே காணிக்கை அன்று. பிடியரிசி, விதை, கன்று, ஒரு மணிநேர உழைப்பு, சிறு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தல் ஆகிய யாவும் காணிக்கையே.
- யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியரும் கூடி முடிவு செய்யட்டும். சமயம் பார்க்க வேண்டாம். நல்ல சமாரியர் பார்க்கவில்லை.
- தவக்கால முடிவில் மொத்த வரவையும் செலவையும் எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். பிறர் காசுக்குக் கணக்குக் காட்டுவதும் விசுவாசத்தின் ஒரு பகுதியே.
- தருமம் செய்துவிட்டோம் என்று நீதியை மறக்க வேண்டாம். காணிக்காகவும் கூலிக்காகவும் நியாயம் கேட்பதும் எசாயா சொன்ன நோன்பில் அடங்கும்.

செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு தமது திருமுகத்தில் கற்பிக்கிறார். அந்தச் செயலுக்கு நிறைந்த கை வேண்டியதில்லை. இத்தவக்காலத்தில் உங்கள் பிள்ளை அந்தப் பேணியின் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டாம். கொடுக்க அதனிடமும் உண்டு என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. நமது பாடசாலையில் தவக்காலச் சேகரிப்பு எந்தப் பிள்ளையையாவது வெட்கப்படுத்துகிறதா?
2. இடம்பெயர்ந்த நாம் பிறருக்குக் கொடுத்த ஒரு சந்தர்ப்பத்தை நினைவுகூருங்கள். அன்று மனம் எப்படி இருந்தது?
3. நம்மிலும் வறியவர் இங்கு யார்? பிடியரிசி சேர்த்தால் முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும்?