படமும் சத்தமும் ஒன்றாக வந்து சேர்வது எப்படி?



குண்டூர் மிளகாய் வற்றலோ, கலபுரகி (பழைய குல்பர்கா) துவரம் பருப்போ வாங்குவதற்கு முன் நம்மில் பலர் இப்போது செல்போன் வீடியோவில்தான் சரக்கைப் பார்க்கிறோம். கமிஷன் மண்டிக்காரர் ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டுகிறார். காட்டிக்கொண்டே விலையும் சொல்கிறார். அப்போது சத்தம் முந்திக்கொண்டு, படம் இரண்டு வினாடி பிந்தி வந்தால் என்ன ஆகும்? மூன்றாவது மூட்டைக்குச் சொன்ன விலை, இரண்டாவது மூட்டையின் படம் தெரியும்போதே நம் காதில் விழும். ரகத்தை மாற்றி நினைத்து, "சரி, ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டால், வாய்ச்சொல் வியாபாரத்தில் அதைத் திரும்ப வாங்க முடியாது.

பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை. வாயசைவும் பேச்சும் ஒட்டியே வருகின்றன. ஆனால் அது தானாக நடக்கிற காரியம் அல்ல. அனுப்பும் இடத்தில் ஒரு கணக்குப்பிள்ளை சீட்டு எழுத, வாங்கும் இடத்தில் இன்னொருவர் அதைச் சரிபார்ப்பதைப் போன்ற வேலை இடைவிடாமல் நடக்கிறது. கணிப்பொறி படித்தவர்களுக்கு மட்டுமே விளங்கும் என்று இதை ஒதுக்க வேண்டாம். சரக்கு அனுப்பிப் பெற்றுப் பழகிய நமக்கு மற்றவர்களைவிட எளிதாகவே விளங்கும்.

பொட்டலமும் சீட்டும்

படமும் சத்தமும் குழாய்த் தண்ணீர் போல ஓடி வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக வருகின்றன. சத்தத்துக்குத் தனிப் பொட்டலம், படத்துக்குத் தனிப் பொட்டலம். டெலிபோன் தரத்தில் குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறார்கள். அப்படி 160 எண்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பொட்டலம். ஆக, ஒரு வினாடிப் பேச்சு 50 பொட்டலம்.

படம் அப்படி லேசான சரக்கு அல்ல. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட சிறிய வண்ணப் படத்தை வினாடிக்கு 25 வீதம் அப்படியே அனுப்பினால் வினாடிக்கு 18 கோடி பிட்டுக்கு மேல் ஆகும். டெலிபோன் குரலுக்கு வேண்டியது 64,000 பிட்தான். எனவே படத்தைச் சுருக்குகிறார்கள். சுருக்கும் முறை நமது இருப்புக் கணக்கேதான். முதலில் ஒரு முழுப் படம். அது கடை முழுவதும் இருப்பு எடுப்பது போல. அதன் பிறகு எது மாறியதோ அதை மட்டும் எழுதுவது, அது நாள்வழி. அலமாரி அசைவதில்லை, ஆளின் கை மட்டும் அசைகிறது என்றால் கையின் விவரம் மட்டும் வரும். இதில் ஒரு தொல்லை உண்டு. நாள்வழியில் ஒரு பற்று விட்டுப்போனால், அடுத்து இருப்பு எடுக்கும்வரை எல்லா மீதியும் தப்பு. வீடியோவில் எதிரில் இருப்பவர் முகம் கட்டம் கட்டமாகச் சிதைந்து, சற்று நேரத்தில் திடீரென்று தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முழுப் படம் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இண்டர்நெட் பொறியாளர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் பேச்சை மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு நெட்வொர்க் வழியே நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். அன்றைக்குச் சத்தம் மட்டும்தான். அத்தகைய சோதனைகளின் அனுபவத்தில் ஒரு பொது விதி உருவாகி 1996 ஜனவரியில் வெளியானது. ஆர்.டி.பி. என்று பெயர். ஹென்னிங் ஷுல்ஸ்ரின், ஸ்டீபன் காஸ்னர், ரான் ஃபிரெடரிக், வான் ஜேக்கப்சன் ஆகிய நால்வர் எழுதியது. 2003 ஜூலையில் திருத்திய பதிப்பு வந்தது. வீடியோ அழைப்புகளிலும், நெட்வொர்க்கில் இணைக்கும் கண்காணிப்புக் கேமராக்களிலும் இன்று பரவலாக ஓடுவது இந்த விதிதான்.

இதன்படி ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 12 பைட் அளவுள்ள சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. அதில் முக்கியமானவை வரிசை எண்ணும் நேரக் குறியும். ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று தோன்றும். நம் பில் புத்தகத்தைப் பாருங்கள். சனிக்கிழமை கடைசி பில் 412. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை முதல் பில் 413. எண் தொடர்வதால் பில் எதுவும் கிழிபடவில்லை என்று தெரிகிறது. தேதி தாண்டியிருப்பதால் இடையில் கடை இல்லை என்று தெரிகிறது. அதுபோல, பேசுகிறவர் சற்று மௌனமாக இருந்தால் பொட்டலம் அனுப்பாமல் விடுவதுண்டு. பிறகு அவர் பேசும்போது வரிசை எண் தொடரும், நேரக் குறி தாண்டும். 'ஒன்றும் தொலையவில்லை, ஆள்தான் பேசவில்லை' என்று வாங்குமிடம் புரிந்துகொள்கிறது. படத்தில் விஷயம் வேறு. ஒரு படம் ஒரு பொட்டலத்தில் அடங்காமல் பலவாகப் பிரியும். அத்தனைக்கும் ஒரே நேரக் குறி, வரிசை எண் மட்டும் வேறு வேறு. ஒரே பில்லில் போகும் பத்து மூட்டைக்கும் நாம் தனித்தனி எண் போடுவதில்லையா?

இரண்டு பேரேடு, ஒரு மணி

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. டெலிபோன் தரச் சத்தத்தின் நேரக் குறி வினாடிக்கு 8,000 வீதம் ஏறுகிறது. படத்தின் நேரக் குறி வினாடிக்கு 90,000 வீதம் ஏறுகிறது. (90,000 ஏன் என்றால், படம் வினாடிக்கு 24, 25, 30, 50, 60 என்று எந்தக் கணக்கில் ஓடினாலும் மீதி இல்லாமல் வகுபடும். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.) போதாததற்கு, இரண்டும் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, ஏதோ ஓர் எண்ணில் தொடங்குகின்றன. ஒரு பேரேடு படிக் கணக்கிலும் மற்றொன்று கிலோக் கணக்கிலும் இருந்தால் எப்படி ஒப்பிடுவது?

அதற்காக அனுப்புமிடம் சில வினாடிக்கு ஒரு முறை, சத்தத்துக்கு ஒன்றும் படத்துக்கு ஒன்றுமாகத் தனிச் சீட்டு அனுப்புகிறது. 'சரியாக 10 மணிக்குச் சத்தத்தின் குறி 40,000' என்று ஒன்றில் இருக்கும். 'அதே 10 மணிக்குப் படத்தின் குறி 5,00,000' என்று மற்றதில் இருக்கும். அதன் பிறகு 48,000 என்று குறியிட்ட சத்தம் வந்தால் அது 10 மணி 1 வினாடிக்கு உரியது. 5,90,000 என்று குறியிட்ட படமும் 10 மணி 1 வினாடிக்கு உரியது. இரண்டும் ஜோடி. எது எப்போது வந்து சேர்ந்தது என்பது கணக்கே இல்லை; எது எப்போது பதிவானது என்பதுதான் கணக்கு. முந்தி வந்ததை நிறுத்தி வைத்து, ஜோடி வந்ததும் இரண்டையும் சேர்த்து வெளியே விடுகிறது வாங்குமிடம். பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்படுவது சத்தம்தான். சுருக்கி விரிக்கும் வேலை படத்துக்கு அதிகம் என்பதால் அது பிந்துகிறது.

எவ்வளவு பிசகு தாங்கும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் இதற்கு ஒரு பரிந்துரை வெளியிட்டது. படத்தைவிடச் சத்தம் 45 மில்லி வினாடி முந்தினாலே மனிதன் கண்டுபிடித்து விடுகிறான். பிந்தி வந்தால் 125 மில்லி வினாடி வரை தெரிவதில்லை. (மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஏன் இந்த ஓரவஞ்சனை? ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். துணி கல்லில் விழுவதை முதலில் பார்க்கிறோம். சத்தம் பிறகுதான் கேட்கிறது. காற்றில் சத்தத்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். பிந்தி வரும் சத்தம் நமக்குப் பிறந்தது முதல் பழக்கம். அடி விழுமுன் சத்தம் கேட்பது இயற்கையில் இல்லாதது; உடனே உறுத்துகிறது.

கைவசம் இருப்பு

அனுப்பும்போது ஒரே சீராகப் புறப்படும் 50 பொட்டலமும் வழியில் நெரிசல் பட்டு, சில பிந்தியும் சில கும்பலாகவும் வந்து சேர்கின்றன. திங்கட்கிழமை வரவேண்டிய லாரி சில வாரம் புதன்கிழமை வருகிறது என்றால் நாம் என்ன செய்கிறோம்? மூன்று நாள் சரக்கு கைவசம் வைத்துக்கொள்கிறோம். வாங்கும் கணிப்பொறியும் அப்படியே கொஞ்சம் இருப்பு வைத்துக்கொண்டுதான் எடுத்துக் கொடுக்கிறது. அதற்கு பஃபர் என்று பெயர்.

இருப்பு கூடினால் தட்டுப்பாடு வராது, ஆனால் சரக்கு பழசாகும். இருவர் பேசிக்கொள்வது கீரைக்கட்டு வியாபாரம். வைத்து விற்க முடியாது. ஒரு பக்கப் பயணம் 150 மில்லி வினாடிக்குள் முடிவது நல்லது. மிகவும் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி முட்டிக்கொள்வார்கள். அதனால்தான் பேச்சில் ஒரு பொட்டலம் தொலைந்தால் பெரும்பாலும் திரும்பக் கேட்பதில்லை. முன்னே வந்த சத்தத்தை வைத்து இடைவெளியை ஒப்பேற்றி மேலே போய்விடுகிறார்கள். நேற்றைய கீரையை இன்று யார் வாங்குவார்? சினிமா பார்ப்பது அரிசி வியாபாரம். குடோனில் வைத்து நிதானமாக, விட்டுப்போன மூட்டையையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக் கொடுக்கலாம்.

நேரடி கிரிக்கெட் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. செல்போனுக்கு அனுப்பும் பரவலான முறை ஒன்றில், ஆட்டத்தை 6 வினாடித் துண்டுகளாக வெட்டி, மூன்று துண்டாவது பின்தங்கியே காட்டுகிறார்கள். அந்த வகையில் மட்டும் 18 வினாடி. எதிரே டீக்கடை டி.வி.யில் விக்கெட் விழுந்து கூச்சல் கேட்ட பிறகு, நம் செல்போனில் பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்குவது இதனால்தான். ஆனால் கவனியுங்கள்: நம் செல்போனில் மட்டையும் சத்தமும் ஒட்டியே இருக்கும். தாமதம் வேறு, பிசகு வேறு. தாமதமான சரக்கை விற்கலாம். சீட்டு மாறிய சரக்கை விற்க முடியாது.

நம் கடைக் கேமரா

இனி நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். கேமராவுக்குள்ளேயே மைக் இருந்தால் படத்துக்கும் சத்தத்துக்கும் குறி போடுவது ஒரே கடிகாரம். ஜோடி சேர்ப்பது சுலபம். கேமரா ஒன்று, பில் போடும் கம்ப்யூட்டர் வேறொன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கடிகாரம். பொது மணி இல்லாத இரண்டு பேரேட்டை ஒப்பிட்டால் விபரீதம்தான் வரும்.

எங்கள் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் நடந்தது. கல்லாவில் 500 ரூபாய் குறைந்தது. கேமராப் பதிவில் இரவு 7.12க்கு ஒரு பையன் கல்லாவைத் திறப்பது தெரிகிறது. கம்ப்யூட்டரில் 7.12க்குப் பில் இல்லை. பையனைக் கணக்கு முடித்து அனுப்புவது என்று முதலாளி தீர்மானித்துவிட்டார். வயதான கணக்குப்பிள்ளை ஒருவர்தான் பதிவை மறுபடியும் போடச் சொல்லி, அதில் தெரிந்த சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அது 7.06 காட்டியது. கம்ப்யூட்டரில் 7.06க்குப் பில் இருந்தது. பையன் சில்லறை கொடுக்கத்தான் திறந்திருக்கிறான். கேமராவின் கடிகாரம் 6 நிமிடம் முந்தியிருந்தது. குறைந்த பணம் மறுநாள் ஒரு பட்டுவாடாச் சிட்டையில் கிடைத்தது.

இது யாரும் வேண்டுமென்று செய்யும் கோளாறு அல்ல. கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினாலே நாளைக்கு 1.7 வினாடி, மாதம் 52 வினாடி போல விலகும். ஏழு மாதம் யாரும் தொடாமல் விட்டால் 6 நிமிடம். இதைச் சரிசெய்ய என்.டி.பி. என்ற முறை இருக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985இல் முதல் விதி வெளியானது. கண்பார்வைக் குறைபாட்டோடு வாழ்ந்த அவர் 2024 ஜனவரியில் காலமானார். அவர் முறை நாம் அறிந்ததுதான். மணிக்கூண்டைப் பார்த்துவரப் பையனை அனுப்புகிறோம். போய்வர 4 நிமிடம் ஆனால், அவன் சொன்ன மணியோடு 2 நிமிடம் கூட்டிக்கொள்கிறோம். கணிப்பொறி இதையே மில்லி வினாடிக் கணக்கில், திரும்பத் திரும்பச் செய்கிறது. நம் நாட்டின் நேரத்தைப் புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பராமரிக்கிறது.

கேமரா மாட்ட வருகிறவர் படம் தெரிந்ததும் கிளம்பப் பார்ப்பார். விடாதீர்கள். என்.டி.பி. போட்டுவிட்டாரா, நேர மண்டலம் இந்தியாவுக்கு 5.30 என்று இருக்கிறதா என்று கேளுங்கள். பில் கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டிலிருந்தே நேரம் எடுக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பிறகு கேமராவின் முன் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டி, பதிவை மெதுவாக ஓட்டிப் பார்க்கவும். கை சேரும் இடத்தில் சத்தம் இருக்க வேண்டும். ப்ளூடூத் ஒலிப்பெட்டியில் கேட்டுச் சோதிக்க வேண்டாம். அந்தப் பெட்டியே சத்தத்தைச் சற்றுப் பிந்தவைக்கும், பழி கேமரா மேல் விழும். சத்தமும் பதிவாகிறது என்றால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி ஒரு பலகை மாட்டுவது மரியாதை.

போலீசுக்கோ கோர்ட்டுக்கோ பதிவைக் கொடுக்க நேர்ந்தால், பிசகிய கடிகாரத்தை அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். கேமரா காட்டும் மணி, சரியான மணி இரண்டையும் ஒரு தாளில் குறித்துக் கையெழுத்திட்ட பிறகே திருத்தவும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி பதிவின் நகலோடு ஒரு சான்றிதழும் வேண்டும். அதில் ஒரு பகுதியை நாமும் மற்றொன்றை நிபுணரும் பூர்த்தி செய்ய வேண்டியிருக்கும். வக்கீலைக் கலந்துகொண்டு எழுதிக் கொடுக்கவும்.